வயிற்றுவலிக் கிளை

கல்லுப்பாலத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினெட்டு வருடம் மருந்து கொடுத்தவன் நான். பெயர் சிவசாமி. படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர் இல்லை. ஆனால் ராகலையிலிருந்து ஆறு மைல் மலையேறி வர எந்த டொக்டருக்கும் நேரம் இல்லாததால் எண்ணூறு பேருக்கு நான்தான் டொக்டர். காய்ச்சல், இருமல், அட்டை கடித்த புண், எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எதை இங்கேயே பார்ப்பது, எதை லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் நான்தான். அந்த முடிவில் நான் பெரிதாகத் தவறியதில்லை. தவறியது வேறு இடத்தில்.

என் ரிஜிஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. திகதி, பெயர், வயது, ஆணா பெண்ணா, என்ன நோய், சூடு எத்தனை, என்ன மருந்து, கடைசியில் என்ன ஆனது என்று எட்டுக் கட்டம். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வெள்ளையாகக் கிடப்பது எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இரண்டு வாரம் மட்டும். அப்போது மருந்து எடுக்க ஆளும் வரவில்லை, கொடுக்க நானும் வெளியே வரவில்லை.

அந்தச் சுத்தமான ரிஜிஸ்டரில் நிறையப் பொய்.

விடிகாலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாதவர்கள் என்னிடம் துண்டுச் சீட்டு வாங்கிக் காட்ட வேண்டும். துண்டில் நோயின் பெயர் இருக்க வேண்டும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குக்குச் சந்தேகம் வந்தால் நேரே வந்து ரிஜிஸ்டரைப் புரட்டுவார். காய்ச்சல் என்று எழுதினால் சூடு எத்தனை என்று எழுத வேண்டும், அவர் கையை வைத்துப் பார்த்துவிடுவார். இருமல் என்றால் நின்று கேட்பார். வயிற்றுவலியை மட்டும் எந்த மகாராசனாலும் தொட்டுப் பார்த்துப் பொய் என்று சொல்ல முடியாது.

பெண்கள் வருவார்கள். நான்கு நாள் தொடர்ந்து மழையில் கொழுந்து எடுத்துக் கால் வீங்கியிருக்கும். ஒருத்தி வீட்டுக்குத் தூரமாக இருப்பாள், அதைக் கண்டாக்கு வாசிக்கும் புத்தகத்தில் எழுத முடியாது. இன்னொருத்தி புருசன் அடித்த முகத்தோடு நிற்பாள். எல்லோரும் ஒரே மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வவுத்து வலிங்க ஐயா" என்பார்கள். நானும் நிமிர்ந்து பார்க்காமல் "வயிற்றுவலி, 98.4, மிக்சர், ஒரு நாள் ஓய்வு" என்று எழுதுவேன். மறுநாள் அவள் மலைக்குப் போனதும் கடைசிக் கட்டத்தில் "சுகம்". யாரும் யாரிடமும் வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை. அது ஒரு ஏற்பாடு. நான் செய்த ஒரே புண்ணியம் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

எண்பத்து நாலில் டொக்டர் பத்திநாதன் வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர், முப்பத்தைந்து வயதிருக்கும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பாதிரியார்களிடம் படித்து, டொக்டராகி, வெளிநாடும் போய் வந்தவர். தோட்டங்களின் பழைய ரிஜிஸ்டர்களைக் கொழும்பில் ஒரு கொம்பியூட்டருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"கொடுத்து?"

"அதுவே படிச்சு, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், யாரை இங்கேயே பாக்கலாம்னு ஒரு வழிமுறை போட்டுக் குடுக்கும், மிஸ்டர் சிவசாமி. நாங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கப் போறதில்ல. எந்தக் கேள்விய மொதல்ல கேட்டா நோயாளிக் கூட்டம் நல்லாப் பிரியுதோ, அதை அதுவே கண்டுபிடிக்கும். பொறகு ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் அடுத்த கேள்வி. இப்படியே கிளை கிளையாப் போகும்."

ஃபெக்டரியில் தூளைச் சல்லடை சல்லடையாக விட்டு ரகம் பிரிப்பது போலத்தானே என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க அம்மா லயத்து வீட்டுல காய்ச்சலோட ஒரு வாரம் கெடந்தாங்க. அனுப்பணுமா வேணாமான்னு அந்த டிஸ்பென்சருக்குத் தெரியல்ல. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன், கேக்க அவருக்கு ஆள் இல்ல" என்றார்.

பிறகு என் ரிஜிஸ்டரைத் திறந்தார். பத்து வருடத்தையும் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா நான் எந்தத் தோட்டத்திலயும் பாக்கல்ல. பாதித் தோட்டத்துல கடைசிக் கட்டமே இல்ல. உங்களுடையதத்தான் அடிப்படையா வைக்கப் போறேன்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பாராட்டைக் கேட்ட சுகத்தில் விழுங்கிவிட்டேன். ஏதோ பெரிய மெஷின், பொய் எது மெய் எது என்று அதற்குத் தெரியாமலா போகும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பத்துப் புத்தகத்தையும் சீலையில் கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, எண்பத்தாறு தை மாதம், அவர் என் பத்துப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஓரங்களில் வரிசையாகத் துளை போட்ட நீளத்தாள் ஒன்றை மேசையில் விரித்தார். மேலே ஒரு கேள்வி. அதிலிருந்து இரண்டு கோடு. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் இன்னொரு கேள்வி. கடைசி நுனிகளில் "அனுப்பு" அல்லது "இங்கேயே பார்". காய்ச்சல் கிளையைப் பார்த்தேன், அருமையாக இருந்தது. மூச்சுத் திணறும் பிள்ளைகளுக்கான கிளை என்னைவிட நன்றாக யோசித்திருந்தது. விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தேன்.

வயிற்றுவலியா? ஆம். பெண்ணா? ஆம். சூடு நூறுக்குக் கீழா? ஆம். வாந்தி உண்டா? இல்லை. இங்கேயே பார், மிக்சர், ஒரு நாள் ஓய்வு. பக்கத்தில் சின்ன எழுத்தில்: 1,146 பேரில் 1,143 பேர் சுகம்.

"இதுதான் எல்லாத்திலயும் உறுதியான கிளை. இவ்வளவு சுத்தமா வேற எதுவும் பிரியல்ல" என்றார் டொக்டர்.

என் இரக்கம் முழுவதையும் கூட்டி அந்த மெஷின் ஒரு நோயாக ஆக்கி வைத்திருந்தது. பெண்ணுக்கு வயிறு வலித்தால் ஒன்றுமில்லை என்று அது படித்திருந்தது. படிப்பித்தவன் நான்.

"ரொம்ப நல்லா இருக்குது டொக்டர்" என்றேன். வேறென்ன சொல்வேன்? பொய் எழுதினேன் என்றால் வேலை போகும். வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். பெண்களையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். காரணம் வேண்டுமளவு இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது பயம்தான்.

தாளைச் சுவரில் ஒட்டினோம். முதலில் மூன்று தோட்டத்தில் நடத்திப் பார்ப்பது, பிறகு இருபத்திரண்டு தோட்டத்துக்கு அச்சடித்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. நான் மட்டும் அந்தக் கிளையைப் பின்பற்றவில்லை. வயிற்றுவலி என்று வந்தால் முகத்தைப் பார்ப்பேன், சந்தேகம் வந்தால் படுக்க வைத்து அமுக்கிப் பார்ப்பேன். நான் இருக்கும் வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். மூன்று தோட்டம் என்றால் மூன்று டிஸ்பென்சர் என்பதை வசதியாக மறந்தும் போனேன்.

பங்குனியில் தங்கச்சி மகளின் கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவு போட்டு மஸ்கெலியாவுக்குப் புறப்பட்டேன். எனக்குப் பதிலாகப் பக்கத்துத் தோட்டத்து சிறில் வந்தார். புதிதாகக் கல்யாணமான, வேலையில் பயபக்தியுள்ள ஆள். எங்கள் தோட்டத்துப் பெண்களை அவருக்குத் தெரியாது. சாவியைக் கொடுத்தேன், மருந்தலுமாரியைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்து, "இதப் பாத்தே செய்யலாந்தானே ஐயா?" என்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "செய்யலாம்" என்றேன்.

கல்யாண வீட்டில் மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டேன். 

திரும்பி வந்தபோது காளியாயியைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஏழாம் நம்பர் லயத்துக் காளியாயி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வீரய்யாவின் பெண்சாதி, இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள். புதன்கிழமை காலை பெரட்டுக்கு முன்னால் வந்திருக்கிறாள். சூடு 98.4. வாந்தி இல்லை. சிறில் விரலை வைத்துக் கிளையில் இறங்கி, மிக்சரும் துண்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மத்தியானம் வீட்டுக் காம்பராவில் மயங்கி விழுந்தாள். லொறி பிடித்து ஏற்றினார்கள். கந்தப்பொல தாண்டும் முன்னே உயிர் போய்விட்டது. பிள்ளை கர்ப்பப்பைக்குள் தங்காமல் குழாயிலேயே வளர்ந்து வெடித்து, வயிறு முழுக்க இரத்தம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவள் முழுகாமல் இருந்தது அவளுக்கே தெரியாது.

தோட்டத்தை நடத்தும் துரை விசாரித்தார். சிறில் தாளைக் காட்டினார். எழுதியிருப்பதைத்தானே செய்திருக்கிறார், குற்றமில்லை என்று முடிந்தது. சிறில் மட்டும் போகாமல் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கவே இல்ல. துண்ட வாங்கிட்டு வாசல் வரைக்கும் போனாங்க. திரும்பி வந்து, 'ஐயா, இன்னைக்கு நெசமாவே வலிக்குதுங்க'ன்னாங்க. நான் சரிம்மான்னேன். மறுபடியும், 'நெசமாத்தாங்க'ன்னாங்க. ஏன் அப்படி ரெண்டு தடவ சொன்னாங்க?"

அவள் அந்த நாற்காலியில் என்னைத் தேடியிருக்கிறாள். நான் இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தை போதும், எழுந்து ஓடியிருப்பேன். அவள் பேசிய பாஷை தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை யாருக்கும் சொல்லாமல் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் டொக்டர் பத்திநாதன் வந்தார். நாலு நாள் தூங்காதவர் போல இருந்தார். காளியாயியின் கேஸையும் சேர்த்துக் கொம்பியூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தாராம். "கிளை அசையல்ல. ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழுல ஒண்ணு கூடியிருக்குது, அவ்வளவுதான் அதுக்கு. அந்தம்மாவோட தலவிதின்னு நெனைக்கிறதத் தவிர வழியில்ல" என்றார்.

தலைவிதி என்ற வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு, துண்டு, கண்டாக்கு, வயிற்றுவலி, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மெஷினுக்குப் பொய் தெரியாது, மிஸ்டர் சிவசாமி. நீங்க எழுதுனதுதான் அதுக்கு ஒலகம்" என்றார். "தைமாசம் இந்தத் தாள விரிச்சப்பவே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அடுத்த மாசம் இருபத்திரண்டு தோட்டத்துக்கு இது போகுது. கமிட்டி ஒத்துக்கிட்டாச்சு. நான் வாயால சொன்னா நிக்காது. ரிஜிஸ்டர் பொய்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அந்தக் கிளையை வெட்டிப்புடலாம்."

கையெழுத்து என்றதும் எனக்குக் குளிர் எடுத்தது. "எழுத்து வேணாம் டொக்டர். எது பொய், எது மெய்னு நானே பிரிச்சுக் குடுக்கறேன். பத்து நாள் குடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. ஆனாலும் பத்து நாள் கொடுத்தார்.

ரிஜிஸ்டர்களை எடுத்து உட்கார்ந்தேன். பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது, என்னால் முடியாது. 1977 ஐப்பசி, பேச்சியம்மா, வயிற்றுவலி, சுகம். பொய்யா? மெய்யா? எல்லாம் ஒரே எழுத்து, ஒரே மை, ஒரே மிக்சர். எழுதும்போது பிரித்து வைக்காததை இப்போது எங்கே போய்ப் பிரிப்பது? ஒரே வழி, அவர்களையே கேட்பதுதான்.

மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். பேச்சியம்மாவை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஒனக்கு எழுவத்தேழுல வயித்து வலி வந்துச்சே, அது நெசமா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. "மாரியம்மா சத்தியமா நெசங்க ஐயா. தொர ஏதும் கேக்கச் சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா சொல்லு, ஒண்ணும் ஆகாது."

"என் ரெண்டு புள்ள மேல சத்தியங்க. துடிச்சுப் போனேன்."

அவ்வளவுதான். நான் இரண்டாவது ஆளிடம் போவதற்குள் செய்தி மடுவம் முழுக்கப் பரவிவிட்டது. பழைய துண்டுகளை விசாரிக்கிறார்களாம், பொய் சொன்னவர்களுக்கு வேலை நிற்குமாம். ராக்காயியின் பெயர் பத்தொன்பது தடவை இருந்தது. பத்தொன்பதும் மெய் என்றாள். நம்பாமல் பார்த்தேன் போலிருக்கிறது, அந்த இடத்திலேயே கூடையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். ஐந்து நாளில் அறுபது பெண்களைக் கேட்டேன். ஒருத்திகூட, ஒரு தடவைகூட, பொய் சொன்னதாக ஒத்துக்கொள்ளவில்லை. எந்தப் பயத்துக்காக நான் பொய் எழுதினேனோ, அந்தப் பயம் அந்தப் பொய்யைப் பூட்டி வைத்துவிட்டது. என் கையெழுத்தைக் காப்பாற்றப் போய் அந்தப் பெண்களையும் நடுங்க வைத்துவிட்டேன். இப்போது நிஜமாகவே வலிக்கிறவள்கூட என்னிடம் வரமாட்டாள்.

ஆறாம் நாள் காளியாயியின் வரிகள் வந்தன. மொத்தம் எட்டு. அவளைக் கேட்க முடியாது. வீரய்யாவிடம் போனேன்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வந்து, அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு ரொட்டி வட்டமாக வரவில்லை. எனக்குப் பலகையை இழுத்துப் போட்டான். எதற்குக் கேட்கிறேன் என்பதையும் சொன்னேன், ஒன்றையும் ஒளிக்காமல். மெஷின், கிளை, தை மாதம், சிறிலிடம் நான் சொன்ன ஒரு வார்த்தை. அவன் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"திகதியப் படிங்க ஐயா" என்றான்.

படித்தேன். எழுபத்தொன்பது வைகாசி. "அது மூத்தவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. பக்கத்துல இருக்கணும்னு துண்டு வாங்குனா. பொய்." எண்பது புரட்டாசி. "அன்னைக்கு நான் குடிச்சுப்புட்டு அடிச்சேன். மூஞ்சி வீங்கிருச்சு. பொய்." எண்பத்தொன்று மாசி. "மழ. சும்மா படுத்துக் கெடந்தா. நாந்தான் போகாதன்னேன். பொய்." ஒவ்வொன்றுக்கும் யோசித்து, நின்று, சொன்னான். ஏழும் பொய் என்றான். எட்டாவதைப் படிக்கவே இல்லை, அவனும் கேட்கவில்லை. ரொட்டி கருகும் வாசனை வந்தது.

"அந்தச் சின்ன ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே ஐயா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் அழுதுவிட்டேன். மூத்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்த பொம்பளைங்கள இனிமே கேக்காதீங்க" என்றான் வீரய்யா. "பயந்துபோய்க் கெடக்குதுங்க. இவளுக்கு இனிமே வேல போகாது, அதனால நான் சொல்லிப்புட்டேன். அதுங்க எப்படிச் சொல்லும்? எழுதுனது நீங்கதானே. நீங்களே சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து விளக்கைக்கூட ஏற்றவில்லை, வாசலில் இருந்த வெளிச்சத்திலேயே எழுதினேன். பத்து வருடமாக வயிற்றுவலி என்று நான் எழுதியவற்றில் பெரும்பகுதி பொய், அவற்றை நம்பி எந்த முடிவும் செய்யக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டொக்டர் வாங்கி வாசித்துவிட்டுப் பையில் வைத்தார். அந்தக் கிளை வெட்டப்பட்டது. வயிற்றுவலி என்று பெண்கள் வந்தால் அமுக்கிப் பார், இரத்தக்குறைவு தெரிந்தால் உடனே அனுப்பு என்று அந்த இடத்தில் கையால் எழுதி ஒட்டினார்கள்.

விசாரணைக்கு நுவரெலியாவில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். என் வேலை போகும் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நடுவில் இருந்தவர் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் துருவினார். பொய்த் துண்டு கேட்டு வந்த பெண்கள் யார் யார், பெயர் வேண்டும் என்றார். மூன்று தடவை கேட்டார்.

"யாரும் கேக்கல்லங்க. நோயாளிக் கணக்கக் கூட்டிக் காட்ட நானே எழுதுனது. அந்தப் பொம்பளைங்க அன்னைக்கு டிஸ்பென்சரிப் பக்கமே வரல்ல" என்றேன்.

அவர் சந்தேகப்படவில்லை. அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.